வாஷிங் மெஷினுக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்: சுத்தம் செய்வது, பராமரிப்பது, பாதுகாத்து வைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "இதுதான் உங்கள் வீட்டின் முதல் கம்ப்யூட்டரா?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஆம்" என்ற பதிலே கிடைக்கும். வீட்டில் புல்லி ஆட்டோமேடிக் வாஷிங் மெஷின் இருந்தால் அந்தப் பதில் தவறு. கீ போர்டும் மவுஸும் இல்லாமல், புரோகிராம் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் ஒரு கம்ப்யூட்டர் ஏற்கனவே உங்கள் வீட்டுப் பின்கட்டிலோ குளியலறை ஓரத்திலோ நின்று கொண்டிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டு மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் பாதியில் நின்றுவிட்டது. டிஸ்பிளேயில் இரண்டே எழுத்துக்கள். பார்க்க வந்தவர் பட்டன்களை இரண்டு முறை அழுத்திவிட்டு, "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார். அவர் சொன்ன தொகை புதிய மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, பரணில் இருந்த கையேட்டைத் தேடி எடுத்தோம். அந்த இரண்டு எழுத்துக்களுக்கு "தண்ணீர் வெளியேறவில்லை, பில்டரைப் பார்க்கவும்" என்று அதில் தெளிவாகப் பொருள் கொடுத்திருந்தார்கள். பில்டரைத் திறந்ததில் ஒரு ரவிக்கை ஹூக், ஒரு ரூபாய் நாணயம், கூழாகிப் போன பஸ் டிக்கெட் மூன்றும் வெளியே வந்தன. கழுவி மாட்டியதும் மெஷின் ஓடியது. செலவு எதுவும் இல்லை.

கம்ப்யூட்டர் காட்டும் எர்ரர் மெசேஜைப் படிக்காமலேயே விண்டோவை மூடிவிடுவது புதியவர்கள் பலரிடம் உள்ள பழக்கம். வாஷிங் மெஷினிலும் நாம் அதையே செய்கிறோம். அந்தச் செய்திகளைப் படிப்பது எப்படி, அவை வராமலே பார்த்துக் கொள்வது எப்படி என்று இங்கு பார்ப்போம்.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டர் பாடத்தில் முதலில் படிப்பது இன்புட், பிராசஸ், அவுட்புட். வாஷிங் மெஷினிலும் இம்மூன்றும் உண்டு. நடுவில் மைக்ரோ கண்ட்ரோலர் என்னும் சிப் இருக்கிறது. பிராசசர், மெமரி இரண்டும் இந்த ஒரே சிப்பில் அடங்கிவிடும். நீங்கள் அழுத்தும் பட்டன்களும், உள்ளே இருக்கும் சென்சார்களும் இதற்கு இன்புட். தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு, மோட்டார், வடிகால் பம்ப், ஹீட்டர், டிஸ்பிளே ஆகியவை அவுட்புட்.

சென்சார்களில் முக்கியமானது தண்ணீர் மட்டத்தை அளப்பது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலே செல்கிறது. தண்ணீர் ஏற ஏற, குழாயில் அடைபட்ட காற்று அழுத்தப்படுகிறது. மேல்முனையில் இருக்கும் சென்சார் அந்த அழுத்தத்தை அளந்து, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சிப்பிற்குச் சொல்கிறது. இதைப்போல வெப்பத்தை அளக்க ஒன்று, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒன்று, மோட்டாரின் வேகத்தை அறிய ஒன்று என்று சென்சார்கள் உண்டு.

கடைகளில் "பஸி லாஜிக்" என்று சொல்லி விற்கிறார்களே, அது என்ன? சூடு அல்லது குளிர் என்று இரண்டாகப் பிரிக்காமல் "கொஞ்சம் சூடு", "ஓரளவு அழுக்கு" என்பது போன்ற இடைநிலைகளையும் கணக்கில் எடுத்து முடிவு செய்யும் முறை இது. இதற்கான அடிப்படைக் கணிதத்தை 1965ல் அமெரிக்காவில் பேராசிரியர் லோட்பி சாதே வெளியிட்டார். ஜப்பானின் செண்டாய் நகர சுரங்க ரயில் 1987ல் இந்த முறையில் இயக்கப்பட்டது. 1990ல் மட்சுஷிட்டா நிறுவனம் இதனை வாஷிங் மெஷினுக்குக் கொண்டுவந்தது. துணியைப் போட்டதும் டிரம் சில முறை அசைந்துவிட்டு, பிறகு தண்ணீர் அளவைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை வைத்து எடையைக் கணக்கிடும் வேலை அப்போது நடக்கிறது.

இதில் நாம் மனதில் கொள்ள வேண்டியது ஒன்று. இந்தக் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. சென்சார் சொல்வதை அப்படியே நம்பும். சென்சார் குழாயில் சோப்புக் கசடு அடைத்திருந்தால், தொட்டி நிறைந்திருந்தாலும் காலி என்றே நினைக்கும். தவறான தகவலைக் கொடுத்தால் தவறான முடிவுதான் கிடைக்கும் என்ற கம்ப்யூட்டர் விதி இங்கும் பொருந்தும். எனவே மெஷினைச் சுத்தம் செய்வது அழகுக்காக மட்டும் அல்ல. அதற்குச் சரியான தகவல் போய்ச் சேரவும் அதுவே வழி.

எழுத்துக்கள் சொல்லும் செய்தி

ஒவ்வொரு வேலைக்கும் மெஷினின் புரோகிராமில் ஒரு கால வரம்பு இருக்கும். அந்த நேரத்திற்குள் தண்ணீர் நிரம்பவில்லை அல்லது வடியவில்லை என்றால் வேலையை நிறுத்திவிட்டு ஒரு குறியீட்டைக் காட்டும். எல்.ஜி. மெஷின்களில் "ஐஇ" என்றால் தண்ணீர் வரவில்லை, "ஓஇ" என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, "யுஇ" என்றால் துணி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது, "டிஇ" என்றால் கதவு சரியாக மூடவில்லை என்று பொருள். சாம்சங் மெஷின்களில் "4சி" என்பது தண்ணீர் வரவில்லை என்பதையும், "5சி" வடியவில்லை என்பதையும், "டிசி" கதவையும் குறிக்கும். மற்ற நிறுவனங்களின் குறியீடுகள் வேறுபடும். உங்கள் கையேட்டில் உள்ள பட்டியலை மொபைல் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்.ஜி. மெஷினில் "சிஎல்" என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். குழந்தைகள் பட்டனை மாற்றாமல் இருக்கப் போடும் பூட்டு இயங்குகிறது, அவ்வளவுதான்.

மேலே சொன்ன நான்கு செய்திகளும் தண்ணீர், துணி, கதவு பற்றியவை. இவற்றைப் பார்த்ததும் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடங்கள் விட்டு மீண்டும் இணையுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வது போலத்தான் இது. மீண்டும் அதே குறியீடு வந்தால் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்கவும்.

தண்ணீர் வரும் வழி

இன்லெட் குழாய் மெஷினில் இணையும் இடத்தில், விரல்நுனி அளவில் ஒரு சிறிய வலை இருக்கும். மணலும் துருவும் உள்ளே போகாமல் தடுப்பது இதுதான். போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் பயன்படுத்தும் வீடுகளில் இது விரைவில் அடைத்துக் கொள்ளும். தண்ணீர்க் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிய பின், இன்லெட் குழாயைக் கழற்றுங்கள். வலையைச் சிறிய குறடால் மெல்ல இழுத்து எடுத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். குழாயின் ரப்பர் வாஷர் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெதுவாக வருகிறதா? மேல்நிலைத் தொட்டியின் உயரத்தைக் கவனியுங்கள். ஒரு மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 0.1 பார் அழுத்தமே கிடைக்கும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர்கீழே, மேல் மாடியில் வசிப்பவர்களுக்கு மூன்று மீட்டர் உயரம் கிடைத்தாலும் அழுத்தம் 0.3 பார்தான். உங்கள் மெஷினுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் தேவை என்பது கையேட்டில் இருக்கும். போதாது என்றால் சிறிய பிரஷர் பம்ப் ஒன்றே தீர்வு. வால்வை மாற்றுவது வீண் செலவு.

தண்ணீர் போகும் வழி

பிரன்ட் லோடிங் மெஷினில் வடிகால் பம்ப் பில்டர், முன்பக்கம் கீழ் மூலையில் சிறிய மூடிக்குள் இருக்கும். இதனை மாதம் ஒருமுறை சுத்தம் செய்திடுங்கள்.

1. பிளக்கைப் பிடுங்குங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் தண்ணீர் ஆறும் வரை காத்திருங்கள்.
2. மூடியைத் திறந்து, தரையில் பழைய துண்டு ஒன்றும் தட்டையான தட்டு ஒன்றும் வையுங்கள்.
3. பக்கத்தில் மெல்லிய ரப்பர் குழாய் இருந்தால் அதன் அடைப்பானை எடுத்து, தேங்கிய தண்ணீரை முதலில் வடியுங்கள்.
4. பில்டரை இடப்பக்கமாக மெல்லத் திருகி எடுங்கள். நூல், முடி, ஊக்கு, நாணயம் எதுவானாலும் அகற்றுங்கள்.
5. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பின் சிறிய இறக்கை தெரியும். அதில் நூல் சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள்.
6. பில்டரைக் கழுவி, இறுக்கமாகத் திருகி மூடுங்கள். லூசாக இருந்தால் அடுத்த முறை தண்ணீர் தரையெங்கும் ஓடும்.

டாப் லோடிங் மெஷின்களில் டிரம்மின் உட்சுவரில் வலைப்பை இருக்கும். ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் இதில் சேரும் பஞ்சை எடுத்துவிட வேண்டும். பை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். பம்ப் இல்லாத டாப் லோடிங் மெஷின்களில் தண்ணீர் தானாகவே வடிகிறது. எனவே வடிகால் குழாய் தரையை ஒட்டியே செல்ல வேண்டும். நடுவில் தூக்கிக் கட்டினால் தண்ணீர் தேங்கும். பிரன்ட் லோடிங் மெஷினில் இதற்கு நேர்மாறாக, குழாயின் முனை கையேட்டில் சொன்ன உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் போட்டுவிட்டால் நிரம்பும்போதே தண்ணீர் தானாக வெளியேறிவிடும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, துணியைப் போடும் முன் பாக்கெட்டைப் பார்ப்பதுதான். ரவிக்கை ஹூக்குகளை மாட்டி, வலைப்பையில் போட்டுத் துவைக்கலாம்.

உப்புத் தண்ணீரும் சோப்பும்

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி, தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடங்களில் 600 வரை அனுமதி உண்டு. ஆழமான போர்வெல்கள் பலவற்றில் இதைவிடவும் அதிகம். இந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து பிரிந்து, ஹீட்டரின் மேல் வெள்ளைப் படிவமாக ஒட்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்க்கும் அதே படிவம்தான். வெப்பம் தண்ணீருக்குச் செல்ல இது தடையாகிறது. துவைக்கும் நேரம் நீள்கிறது. மின்கட்டணம் கூடுகிறது. கடைசியில் ஹீட்டர் கருகுகிறது.

இதற்கென விற்கும் படிவ நீக்கிப் பவுடரை வாங்கி, பாக்கெட்டில் சொன்ன அளவில் போட்டு, துணி இல்லாமல் மெஷினை வெந்நீரில் ஓட்டுங்கள். "டப் கிளீன்" என்ற புரோகிராம் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். கடினமான தண்ணீர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை செய்தால் போதும். இந்தப் பவுடர்களில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம் போன்ற அமிலங்கள் இருக்கும். இவற்றுடன் பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்க வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு உண்டாகும். அது மூச்சைத் திணறடிக்கும் நச்சு வாயு.

சோப்புத் தூள் அதிகம் போட்டால் துணி அதிகம் வெளுக்கும் என்பது தவறான எண்ணம். நுரை அதிகமானால் பம்பிற்குள் காற்று புகுந்து தண்ணீர் வடியாது. தண்ணீர் மட்டத்தின் அளவும் தவறாகப் போகும். கரையாத தூள் டிரம்மின் வெளிப்புறத்தில், நம் கண்ணில் படாத இடத்தில், கசடாகப் படியும். துணியில் வரும் கெட்ட வாடைக்கும் கறுப்புப் புள்ளிகளுக்கும் இந்தக் கசடுதான் பெரும்பாலும் காரணம். பிரன்ட் லோடிங் மெஷினுக்கு நுரை குறைந்த டிடர்ஜென்ட் மட்டுமே போட வேண்டும். கை துவையலுக்கான தூள் வேண்டாம்.

கதவு ரப்பரும் ஈரமும்

பிரன்ட் லோடிங் மெஷினின் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பில் தண்ணீர் தேங்கும். கடைசித் துணியை எடுத்ததும் உலர்ந்த துணியால் அந்த மடிப்பை விரித்துத் துடையுங்கள். சோப்புத் தட்டை வாரம் ஒருமுறை வெளியே இழுத்துக் கழுவுங்கள். துவைத்து முடிந்ததும் கதவைச் சிறிது திறந்து வைத்தால் ஈரம் காயும், பூஞ்சை பிடிக்காது.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இதில் மிகுந்த கவனம் தேவை. டிரம்முக்குள் ஏறி ஒளிவது குழந்தைக்கு விளையாட்டாகத் தோன்றும். பட்டன்களைப் பூட்டும் சைல்ட் லாக், திறந்திருக்கும் கதவுக்குள் குழந்தை ஏறுவதைத் தடுக்காது. உலரும் வரை அருகில் பெரியவர்கள் இருங்கள். பிறகு கதவை மூடிவிடுங்கள். டாப் லோடிங் மெஷின் பக்கத்தில் நாற்காலி, ஸ்டூல் எதையும் வைக்க வேண்டாம்.

ஆட்டமும் சத்தமும்

மெஷின் பிழியும்போது குதிக்கிறதா? ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 48 செ.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்திற்கு 1,200 முறை சுற்றும்போது, அதன் சுவரில் ஒட்டியுள்ள துணி தன் எடையைப் போல் 380 மடங்கு விசையுடன் அழுத்துகிறது. அரைக் கிலோ ஈரத்துணி ஒரு பக்கமாக ஒதுங்கினாலே சுமார் 190 கிலோ எடைக்குச் சமமான விசை டிரம்மை ஆட்டும். இதனால்தான் மெஷின் வேகமெடுக்கும் முன் துணியைப் பரப்பிப் பார்க்கிறது. முடியாவிட்டால் நிறுத்திவிடுகிறது. ஒரே ஒரு கனமான பெட்ஷீட்டைத் தனியாகப் போடுவதும், புடவைகள் முறுக்கிக்கொண்டு உருண்டையாவதும் இதற்குக் காரணங்கள். துணியைப் பிரித்துப் போட்டு, கூடச் சில சிறிய துணிகளைச் சேர்த்தால் சரியாகிவிடும். நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மின்சாரம்: விளையாட்டு வேண்டாம்

மெஷினுக்கு எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் தேவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. தொட்டால் லேசாக "ஜிவ்" என்று அடிக்கிறது என்றால், செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். எர்த் சரியில்லை அல்லது உள்ளே மின்கசிவு இருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஈரத்தரையும் ஈரக்கையும் உள்ள இடம் என்பதால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருப்பது உயிர் காக்கும்.

இடி மின்னல் நேரத்தில் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கும் நீங்கள், மெஷின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இரண்டிலும் உள்ளது சர்க்யூட் போர்டுதான். பின்பக்க மூடியைக் கழற்றிப் போர்டைத் தொட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அது டெக்னீஷியனின் வேலை.

ஊருக்குப் போகும்போதும் வீடு மாறும்போதும்

கோடை விடுமுறைக்கோ, பிள்ளைகளைப் பார்க்க வெளிநாட்டிற்கோ மாதக்கணக்கில் செல்கிறீர்களா? புறப்படும் முன் இவற்றைச் செய்திடுங்கள்.

துணி இல்லாமல் ஒருமுறை ஓட்டி, பிழியும் வேலையை முடியுங்கள். தண்ணீர்க் குழாயை மூடுங்கள். ஆளில்லாத வீட்டில் இன்லெட் குழாய் வெடித்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள் வரும். பம்ப் பில்டரில் தேங்கியதை வடித்து, டிரம்மையும் ரப்பரையும் துடைத்துக் காயவிட்ட பிறகே மூடி போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரால் இறுக்கி மூடினால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தது போலாகும். பழைய பருத்திப் புடவையால் மூடினால் தூசியும் படியாது, காற்றும் போகும்.

அடுத்த பகை எலி. அடிப்பாகம் திறந்திருக்கும் மெஷின்களில் எலி எளிதாக நுழைந்து வயர்களைக் கடித்துவிடும். அடியில் பொருத்தும் எலித்தடுப்புத் தகட்டைப் போட்டு வையுங்கள். திரும்பி வந்ததும் பிளக்கைச் செருகும் முன் டார்ச் அடித்து அடியில் பாருங்கள். எலிப்புழுக்கையோ கடித்த வயரோ தெரிந்தால் மெஷினை ஆன் செய்ய வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் முதலில் துணி இல்லாமல் ஒருமுறை ஓட்டிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

2015 டிசம்பரில் பெய்த பெருமழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் சென்னையில் பல தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி மெஷின் நனைந்துவிட்டால், வெளியே காய்ந்து விட்டதே என்று ஆன் செய்யாதீர்கள். மோட்டாரிலும் போர்டிலும் சேறும் ஈரமும் இருக்கும். டெக்னீஷியன் திறந்து, கழுவி, உலர்த்திச் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பிரன்ட் லோடிங் மெஷின் வாங்கியபோது பின்பக்கத்திலிருந்து கழற்றிக் கொடுத்த நீளமான போல்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அவை டிரான்சிட் போல்ட்டுகள். டிரம் உள்ளே ஸ்பிரிங்குகளில் தொங்கிக் கொண்டிருக்கிறது. வீடு மாறும்போது இந்தப் போல்ட்டுகளைத் திரும்ப மாட்டாமல் வண்டியில் ஏற்றினால், ஒவ்வொரு பள்ளத்திலும் டிரம் சுவரில் மோதும். புதிய வீட்டில் மெஷினை இயக்கும் முன் இவற்றைக் கழற்றவும் மறக்கக் கூடாது. மெஷினை எப்போதும் நிமிர்த்திய நிலையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

நினைவில் வைக்க ஒரு அட்டவணை

ஒவ்வொரு முறையும்: பாக்கெட் சோதனை, ரப்பர் துடைப்பது, வலைப்பையில் பஞ்சு எடுப்பது.
வாரம் ஒருமுறை: சோப்புத் தட்டு கழுவுவது.
மாதம் ஒருமுறை: பம்ப் பில்டர், துணி இல்லாமல் டப் கிளீன்.
இரண்டு மாதத்திற்கு ஒருமுறை: படிவ நீக்கிப் பவுடர்.
மூன்று மாதத்திற்கு ஒருமுறை: இன்லெட் வலை, குழாய்களில் வெடிப்பு, கால்களின் மட்டம்.

புதிய கம்ப்யூட்டரில் முதலில் பழக ஒரு வேலை வேண்டுமா? இந்த அட்டவணையை ஒரு பைலாக டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, மெஷினின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். அதன் கீழே உங்கள் மாடலுக்கான குறியீடுகளையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை டிஸ்பிளேயில் இரண்டு எழுத்துக்கள் வந்தால், டெக்னீஷியனுக்கு போன் செய்யும் முன் அந்தத் தாளைப் பாருங்கள். பிறகும் அவரை அழைக்க நேர்ந்தால், "மெஷின் ஓடவில்லை" என்று சொல்லாமல், "ஓஇ வருகிறது, பில்டரைக் கழுவிவிட்டோம், பம்ப் சத்தமே வரவில்லை" என்று சொல்லுங்கள். அவர் தேவையான உதிரிப் பாகத்தோடு வருவார். போர்டு போய்விட்டது என்று எளிதில் சொல்லவும் மாட்டார்.